பிள்ளையைத் தத்தெடுக்கப் போகிறீர்களா? செலவு முதலில், உதவி பிறகு... இடையில் எப்படிச் சமாளிப்பது?

தேக்கா சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சேலை கட்டிய ஒரு பாட்டி, முகம் சீன முகம். "முருங்கைக்காய் என்ன விலைப்பா, இவ்வளவு முத்தலா இருக்கே" என்று சரளமான தமிழில் பேரம் பேசுவார். பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும்.

போருக்கு முன்பும், ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும், அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் வறுமையால் பல சீனக் குடும்பங்கள் தங்கள் பெண் குழந்தைகளைப் பிறரிடம் கொடுத்துவிட்டன. அவர்களில் பலரைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. தத்தெடுப்புச் சட்டம் 1939ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் பல வீடுகளில் தாளும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. கையில் கொடுத்தார்கள், மடியில் வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இன்று அப்படி முடியாது. முடியாமல் இருப்பதும் நல்லதுதான். இப்போது விடுப்பு உண்டு, போனஸ் உண்டு, வரிச் சலுகை உண்டு, பெற்றோருக்கு வகுப்பும் உண்டு. ஆனால் தத்தெடுக்க நினைக்கும் பலர் தாமதமாகத் தெரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது: செலவு முதலில் வரும், உதவி பிறகுதான் வரும். இரண்டுக்கும் நடுவே பல மாதங்கள் போகலாம். அந்த இடைவெளிக்குத் தயாராவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய பிள்ளைத் தத்தெடுப்புச் சட்டம், 2024 அக்டோபர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது.

பொதுவான தகுதிகள் இவை. தத்தெடுப்பவருக்குக் குறைந்தது 25 வயது இருக்கவேண்டும். பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்கவேண்டும். உறவினர் பிள்ளையை எடுப்பது போன்ற சில சூழல்களில் விதிவிலக்கு உண்டு. பிள்ளை 21 வயதுக்குக் கீழ் இருக்கவேண்டும். இருவர் சேர்ந்து விண்ணப்பித்தால், அவர்கள் சிங்கப்பூர்ச் சட்டம் ஏற்கும் திருமணம் செய்த தம்பதியாக இருக்கவேண்டும்.

இனி வரிசை. முதலில் தத்தெடுப்புக்கு முந்திய விளக்கக் கூட்டம். அடுத்து தகுதி மதிப்பீடு. ஒரு சமூக சேவை ஊழியர் உங்களோடு பேசுவார், வீட்டுக்கு வருவார், வருமானம், உடல்நலம், குடும்ப உறவு எல்லாவற்றையும் கேட்பார். வெளிநாட்டுப் பிள்ளை என்றால், இந்த மதிப்பீட்டில் தேறிய பிறகே பிள்ளையை இங்கே அழைத்துவர டிபென்டன்ட்ஸ் பாஸ் எனப்படும் அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். கடைசியில் குடும்ப நீதிமன்றம். நீதிபதி தத்தெடுப்பு உத்தரவு போட்ட பிறகுதான் நீங்கள் சட்டப்படி அம்மா, அப்பா.

"சார், அப்போ உத்தரவு வந்தவுடனே பிள்ளை சிங்கப்பூரர் ஆயிடுமா?"

இல்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளை வெளிநாட்டில் பிறந்திருந்தால் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். தத்தெடுப்பு உத்தரவை நீதிமன்றம் தருகிறது. குடியுரிமையைக் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் முடிவு செய்கிறது. இரண்டும் இரண்டு கதவுகள். பண உதவியில் பெரும்பகுதி இரண்டாவது கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் கையிலிருந்து போவது என்ன?

விளக்கக் கூட்டம், தகுதி மதிப்பீட்டுக் கட்டணம், வழக்கறிஞர் செலவு, நீதிமன்றக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை. முகவர் மூலம் போனால் அவருக்கான கட்டணம். வெளிநாட்டுப் பிள்ளை என்றால் பயணச் செலவும் ஆவணங்களுக்கான செலவும் சேரும். இவற்றில் பெரும்பாலானவை பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரும் முன்போ, வந்த முதல் சில மாதங்களிலோ வந்துவிடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். சேவைக்கும் நியாயமான செலவுக்கும் பணம் கொடுக்கலாம். பிள்ளைக்கு "விலை" கொடுக்கக்கூடாது, அது சட்டப்படி குற்றம். 2025 ஜூலையில் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா காவல்துறை, சிங்கப்பூருக்குக் குழந்தைகளை விற்றதாகச் சந்தேகிக்கப்படும் ஒரு கும்பலைக் கைதுசெய்ததாக அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்து மனம் உடைந்த பெற்றோர் இங்கேயும் இருந்திருப்பார்கள். நல்ல எண்ணத்தோடு தத்தெடுத்த குடும்பமும் இதுபோன்ற வலையில் சிக்கலாம். அதனால் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது கேளுங்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளையைப் பெற்ற அம்மாவின் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது, யார் முன்னிலையில் பெறப்பட்டது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் முகவரிடமிருந்து விலகிவிடுங்கள். என்றோ ஒருநாள் உங்கள் பிள்ளையும் இதே கேள்வியை உங்களிடம் கேட்கும்.

விடுப்பு: காசுக்கு முன்பே கிடைக்கும் உதவி

நல்ல செய்தி. விடுப்பு, குடியுரிமை வரும்வரை காத்திருப்பதில்லை. "தத்தெடுக்கும் எண்ணத்தை முறைப்படி தெரிவித்த நாள்" என்று மனிதவள அமைச்சு ஒரு நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், அது நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட்ட நாள். வெளிநாட்டுப் பிள்ளை என்றால், டிபென்டன்ட்ஸ் பாஸுக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்த நாள்.

அம்மாவுக்கு: வேலை பார்க்கும் தாய்க்கு 12 வாரத் தத்தெடுப்பு விடுப்பு. 2017 ஜூலைக்கு முன்பு இது வெறும் 4 வாரம். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு முதல் 4 வாரச் சம்பளத்தை முதலாளி தருவார், அடுத்த 8 வாரத்துக்கு அரசாங்கம் தரும். மூன்றாம் பிள்ளையிலிருந்து 12 வாரத்தையும் அரசாங்கம் ஏற்கும். அரசாங்கம் தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு: 4 வாரத்துக்கு 10,000 வெள்ளி, மத்திய சேமநிதிச் சந்தா உட்பட. சுயதொழில் செய்யும் தாய்மாரும் தகுதிபெறலாம்.

அப்பாவுக்கு: 2025 ஏப்ரல் 1 முதல் 4 வாரத் தந்தையர் விடுப்பு. தத்தெடுக்கும் தந்தைக்கும் இது உண்டு.

இருவருக்கும் சேர்த்து: பகிர்ந்துகொள்ளக்கூடிய பெற்றோர் விடுப்பு. 2025 ஏப்ரல் 1இல் 6 வாரமாகத் தொடங்கிய இந்தத் திட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் 10 வாரம்.

நிபந்தனைகளும் உண்டு. தத்தெடுப்பு விடுப்புக்கு, அந்த "எண்ணம் தெரிவித்த நாளில்" பிள்ளைக்கு 12 மாதம் நிறைந்திருக்கக்கூடாது. அதற்கு முன் குறைந்தது 3 மாதம் அதே முதலாளியிடம் வேலை பார்த்திருக்கவேண்டும். ஓராண்டுக்குள் தத்தெடுப்பு உத்தரவு வரவேண்டும். வெளிநாட்டுப் பிள்ளை என்றால், பெற்றோரில் ஒருவராவது சிங்கப்பூரராக இருக்கவேண்டும், உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் பிள்ளை குடியுரிமை பெறவேண்டும்.

12 மாத வரம்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையைத் தத்தெடுக்கும் தாய்க்கு இந்த 12 வாரம் இல்லை. ஆனால் வீடு மாறி, முகங்கள் மாறி, சில நேரம் மொழியே மாறி வரும் மூன்று வயதுப் பிள்ளைக்குத்தான் அம்மா பக்கத்தில் இருப்பது அதிகம் தேவை. அப்படிப்பட்ட பெற்றோர் வருடாந்தர விடுப்பைச் சேர்த்து வைக்கவேண்டும், சம்பளமில்லா விடுப்பு பற்றி முன்கூட்டியே முதலாளியிடம் பேசவேண்டும். நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டையும் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

பிறகு வரும் பண உதவி

இவையெல்லாம் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால், அல்லது குடியுரிமை பெற்ற பிறகு. தத்தெடுத்த பிள்ளை, பெற்ற பிள்ளை என்ற வேறுபாடு இல்லை.

குழந்தை போனஸ் ரொக்கம்: 2023 பிப்ரவரி 14 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு, முதல் இரண்டு பிள்ளைகள் என்றால் தலா 11,000 வெள்ளி. மூன்றாவது பிள்ளையிலிருந்து 13,000 வெள்ளி. மொத்தமாக வராது, பிள்ளைக்கு ஆறரை வயது ஆகும்வரை தவணை முறையில் வரும்.

பிள்ளை மேம்பாட்டுக் கணக்கு: முதற்படி மானியம் 5,000 வெள்ளி. 2025 பிப்ரவரி 18இலிருந்து பிறக்கும் மூன்றாவது, அதற்கடுத்த பிள்ளைகளுக்கு 10,000 வெள்ளி. அதோடு நீங்கள் போடும் பணத்துக்கு ஈடாக அரசாங்கமும் போடும். முதல் பிள்ளைக்கு 4,000 வெள்ளி வரை, இரண்டாம் பிள்ளைக்கு 7,000 வெள்ளி வரை. இந்தக் கணக்கிலுள்ள பணத்தைப் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் பயன்படுத்தலாம்.

பாலர் பள்ளிச் சலுகை: தாய் வேலை பார்த்தால் கைக்குழந்தைப் பராமரிப்புக்கு மாதம் 600 வெள்ளி, பிள்ளைப் பராமரிப்புக்கு 300 வெள்ளி. குடும்ப மாத வருமானம் 12,000 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் கூடுதல் சலுகை.

வரி: தத்தெடுத்த பிள்ளைக்கும் பிள்ளைக்கான வரி நிவாரணம் 4,000 வெள்ளி உண்டு. பெற்றோருக்கான வரித் தள்ளுபடி முதல் பிள்ளைக்கு 5,000, இரண்டாம் பிள்ளைக்கு 10,000, மூன்றாம் பிள்ளையிலிருந்து 20,000 வெள்ளி. வேலை பார்க்கும் தாய்க்கான நிவாரணமும் இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் பிறந்த அல்லது தத்தெடுத்த பிள்ளைகளுக்கு அது முறையே 8,000, 10,000, 12,000 வெள்ளி. நிவாரணம் வேறு, தள்ளுபடி வேறு. நிவாரணம் வரி விதிக்கப்படும் வருமானத்தைக் குறைக்கும். தள்ளுபடி கட்டவேண்டிய வரியையே குறைக்கும்.

தடுப்பூசி: தேசியப் பிள்ளைத் தடுப்பூசி அட்டவணையிலுள்ள ஊசிகள், குடிமக்களான பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகங்களில் முழுச் சலுகையோடு கிடைக்கும்.

பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு: 7 வயதுக்குக் கீழ் உள்ள குடிமகன் பிள்ளைக்குப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள். பிள்ளை குடிமகன் இல்லை என்றால் 2 நாள்தான்.

அந்த 6 நாளும் 2 நாளும்தான் மொத்தக் கதையையும் சொல்லிவிடும். அதே பிள்ளை, அதே காய்ச்சல். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து அம்மாவுக்குக் கிடைக்கும் நாள் மாறுகிறது.

ஆக, கணக்கு எப்படிப் போடுவது?

வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மதிப்பீடு, பயணம், வழக்கறிஞர் எல்லாம் சொந்தக் காசு. குழந்தை வந்துவிட்டது, அம்மா விடுப்பில் இருக்கிறார். குடியுரிமை வரும்வரை சளிக்கு மருந்தகம் போனாலும், ஊசி போட்டாலும் குடிமக்களுக்கான சலுகை இல்லை. விடுப்பு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்பினால், கைக்குழந்தைப் பராமரிப்புக்கும் முழுக் கட்டணம்.

அதனால் தத்தெடுப்புச் செலவை மட்டும் சேமித்தால் போதாது. பிள்ளை வந்தபிறகு பல மாதங்களுக்குச் சலுகை இல்லாமலேயே செலவு செய்யவேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். குடியுரிமை சீக்கிரம் வந்தால் சந்தோஷம், மீதிப் பணத்தைப் பிள்ளையின் மேம்பாட்டுக் கணக்கில் போடலாம். குறைந்த வருமானக் குடும்பம் என்றால் வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்தையும் குடும்பச் சேவை நிலையத்தையும் அணுகலாம்.

மாதாமாதம் உதவித்தொகை கிடையாதா என்று சிலர் கேட்பார்கள். அது வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில். 1956இலிருந்து இருக்கும் அந்தத் திட்டத்தில், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையைச் சில காலம் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வீர்கள். அதற்கு மாதப்படி உண்டு. ஆனால் பிள்ளை சட்டப்படி உங்களுடையது ஆகாது. தன் குடும்பத்துக்கே திரும்பிப் போகலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"எங்க அக்கா பிள்ளைதானே, தாள் எதுக்கு?"

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. தங்கை பிள்ளை, அண்ணன் பிள்ளை என்று பாசத்தில் எடுத்து வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் நீதிமன்ற உத்தரவு இல்லாவிட்டால் மேலே சொன்ன விடுப்போ போனஸோ வரிச் சலுகையோ உங்களுக்கு இல்லை. மருத்துவமனையில் கையெழுத்து கேட்டால், பெற்றவர்தான் போடவேண்டும்.

ஊரில் இருக்கும் உறவினர் பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. தமிழ்நாட்டில் சடங்கு செய்து ஒரு பத்திரம் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து பிள்ளையைத் தத்தெடுத்து வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல, காரா எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தின் வழியாகப் போய்த் தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். இங்கேயும் மதிப்பீடு, அனுமதி, நீதிமன்றம் எல்லாம் உண்டு. டிக்கெட் போடும் முன் இரண்டு பக்க விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முஸ்லிம் அல்லாத குடும்பத்தில் உயில் எழுதாமல் பெற்றோர் இறந்தாலும், தத்தெடுத்த பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்கு உள்ள அதே உரிமை உண்டு. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டத்தில் தத்துப்பிள்ளை வாரிசாக வராது. சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் மரண சாசனம் எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகவும் கொடுக்கலாம். இதைப் பிள்ளை சின்னதாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

பணத்துக்கு அப்பால்: எங்கே கற்றுக்கொள்வது?

தத்தெடுக்கும் பெற்றோருக்கு மிகவும் பயம் தரும் கேள்வி பணத்தைப் பற்றியதாக இருக்காது. "இவங்ககிட்ட எப்போ சொல்றது, எப்படிச் சொல்றது?" என்பதாகத்தான் இருக்கும்.

பழைய வீடுகளில் சொல்லாமலே விட்டார்கள். திருமண வீட்டில் யாரோ ஒரு சொந்தக்காரர் வாய் தவறிச் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. இன்று துறையில் இருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: சின்ன வயதிலேயே, எளிய வார்த்தையில், அடிக்கடி சொல்லுங்கள். ஒரே நாளில் உட்காரவைத்து உடைக்கும் ரகசியமாக அதை ஆக்காதீர்கள்.

"நீ என் வயித்துல வரல, ஆனா நாங்க உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்." மூன்று வயதுப் பிள்ளைக்கு இது போதும். ஏழு வயதில் "என்னை ஏன் குடுத்தாங்க?" என்று கேட்கும். அப்போது தெரிந்த உண்மையைச் சொல்லலாம், பெற்ற தாயைக் குறை சொல்லாமல். பதின்ம வயதில் கேள்வி இன்னும் கூர்மையாகும். அதற்காகவே ஆவணங்கள், முதல் படம், பிள்ளை வந்த அன்று போட்டிருந்த சட்டை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.

சொந்தக்காரர்களுக்கும் வகுப்பு தேவை! "சொந்தப் பிள்ளையா, எடுத்த பிள்ளையா?" என்று பிள்ளை முன்னாலேயே கேட்பார்கள். "எங்க பிள்ளைதான்" என்று ஒரே பதிலைத் தாத்தா, பாட்டி, மாமா, அத்தை எல்லாரும் சொல்லும்படி முன்கூட்டியே பேசி வையுங்கள்.

உதவிக்கு எங்கே போவது?

சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் இணையத்தளத்தில் தொடங்குங்கள். விளக்கக் கூட்டத்தையும் மதிப்பீட்டையும் நடத்த அனுமதி பெற்ற அமைப்புகளின் பட்டியலை அங்கே பார்க்கலாம்.

டச் சமூகச் சேவைகள், ஃபெய் யூ சமூகச் சேவைகள் போன்றவை இத்துறையில் நீண்ட காலமாக இருப்பவை. தத்தெடுத்த பெற்றோர் ஒருவரையொருவர் சந்திக்கும் ஆதரவுக் குழு, பிள்ளையிடம் உண்மையைச் சொல்வது பற்றிய பயிற்சி ஆகியவை பற்றி அவர்களிடம் கேளுங்கள்.

குழந்தை வளர்ப்பு வகுப்பு வேண்டுமென்றால் 'வாழ்க்கைக்குக் குடும்பம்' இயக்கத்தின் பெற்றோர் திட்டங்கள் உள்ளன. அவை எல்லாப் பெற்றோருக்கும் உரியவை.

தமிழில் பேச ஆள் வேண்டுமா? லிட்டில் இந்தியாவிலிருந்து சற்றுத் தள்ளி, பீட்டி ரோட்டில் சிண்டா இருக்கிறது. 1991இலிருந்து இந்தியக் குடும்பங்களுக்காக இயங்கும் அமைப்பு. குடும்பச் சேவையும் உண்டு, பிள்ளைகளுக்கான துணைப்பாட வகுப்பும் வாசிப்புத் திட்டமும் உண்டு. வேறு இனத்தில் பிறந்து தமிழ் வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகங்கள் வேண்டுமென்றால் பொது நூலகங்களில் சிறுவர் தமிழ்ப் பகுதி இருக்கிறது. இரவில் ஒரு கதை வாசித்தாலே போதும். மொழி தானாக ஒட்டிக்கொள்ளும். தேக்காவில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசும் அந்தப் பாட்டியே அதற்குச் சாட்சி.

சுருக்கமாக, இப்போதே செய்யக்கூடியவை:

1. முகவரைத் தேடும் முன் விளக்கக் கூட்டத்துக்குப் பதிவுசெய்யுங்கள்.

2. தத்தெடுப்புச் செலவு ஒரு கணக்கு, குடியுரிமை வரும்வரையிலான செலவு இன்னொரு கணக்கு என்று இரண்டு கணக்கு போடுங்கள்.

3. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடம் இப்போதே பேசுங்கள். "எண்ணம் தெரிவித்த நாள்" எது என்று இருவரும் குறித்து வையுங்கள்.

4. எல்லா ரசீதையும், எல்லா ஆவணத்தையும் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, பிள்ளைக்கும் அவை வேண்டும்.

5. உத்தரவு கையில் கிடைத்ததும் குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். குடியுரிமை வந்தவுடன் குழந்தை போனஸுக்கு லைஃப்எஸ்ஜி செயலியில் விண்ணப்பியுங்கள்.

திட்டங்களின் தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் அமைச்சின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.